ஆக்கலும் அடக்கலும்: மிருதங்கத்தின் வழியே வித்வத்தைப் பார்த்தல்

மார்கழி மாதத்துச் சென்னைக் கச்சேரிகளில் ஒரு காட்சி ஆண்டுதோறும் மாறுவதே இல்லை. பிரதான உருப்படியில் பாடகர் அந்தந்த நேரத்துக்குக் கட்டிப் பாடும் கல்பனாஸ்வரம் முடியும். பாடகர் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பித் தலையசைப்பார். அவ்வளவுதான், அரங்கில் கால்வாசிப் பேர் எழுந்துவிடுவார்கள். கேன்டீனில் காபி ஆற்றும் சத்தம் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். மேடையில் ஒருவர் இருபது முப்பது ஆண்டுச் சாதகத்தை இறக்கிவைக்கப் போகிற நேரம் அது.

எழுந்து போகாதவர்களிலும் இரண்டு வகை உண்டு. ஒரு சிலர் தொடையில் தாளம் போட்டபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் வேகம் கூடக்கூடக் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் கைதட்டும்போது தாங்களும் தட்டுவார்கள். நான் வெகுகாலம் இந்தக் கடைசி வகையில் இருந்தவன். மிருதங்கக்காரர் தனியே வாசிக்கும் இந்தத் தனி ஆவர்த்தனம் எனக்கு ஒரு வாணவேடிக்கை. பிரமிப்பாக இருக்கும், வீட்டுக்கு வந்த பிறகு எதுவும் நினைவில் நிற்காது. காபிக்குப் போனவர்களை இளக்காரமாக நினைத்திருக்கிறேன். ஆனால் உட்கார்ந்திருந்த எனக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக இப்போது தோன்றவில்லை. அசாத்தியமான கைத்திறமை என்பது எதற்காக, அது கலைக்குள் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வியை நாங்கள் யாருமே கேட்கவில்லை.

நம் மொழியே இந்த விஷயத்தில் இரண்டு மனத்தோடு இருக்கிறது. வித்தை கற்றவர் வித்வான்; மாலை மரியாதைக்கு உரியவர். அதே வித்தையைக் "காட்டினால்" மதிப்பு சரிந்துவிடுகிறது. "வித்தை காட்டுகிறான்" என்று ஒரு பாடகரைச் சொன்னால் அது வசவு. தெருமுனையில் கயிற்றின்மேல் கம்பைப் பிடித்து நடக்கும் கழைக்கூத்துச் சிறுமியின் திறமையில் உயிரே பணயம். அவளை நாம் வித்தை காட்டுபவள் என்றுதான் சொல்கிறோம், வித்வாம்சினி என்று சொல்வதில்லை. யார் செய்கிறார்கள், எந்த மேடையில் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் திறமைக்குப் பெயர் வைக்கிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருகிறேன்.

ஐரோப்பாவிலும் கதை ஏறத்தாழ இதே கோணல்தான். 'விர்ச்சுவோசோ' என்ற இத்தாலியச் சொல் தொடக்கத்தில் எந்தத் துறையிலும் ஆழ்ந்த புலமை உள்ளவரைக் குறித்தது. மெல்ல மெல்ல அது மேடையில் பிறரால் முடியாததைச் செய்துகாட்டும் வாத்தியக்காரருக்கு உரியதாகச் சுருங்கியது. அந்தச் சொல்லுக்கு முகம் கொடுத்தவர் ஜெனோவாவில் 1782இல் பிறந்த வயலின் கலைஞர் நிக்கோலோ பகனினி. தனி வயலினுக்காக அவர் எழுதிய 24 கப்ரீஸ்கள் 1820இல் அச்சாயின. 1828இல் வியன்னாவிலும் 1831இல் பாரிசிலும் அவர் வாசித்தபோது, சாத்தானிடம் ஆத்மாவை விற்றுத்தான் இப்படி வாசிக்கிறார் என்று ஊர் பேசியது. 1840இல் அவர் இறந்தபோது தேவாலயம் அடக்கம் செய்ய அனுமதிக்கவில்லை. உடல் இடம் மாறி இடம் மாறி, 1876இல்தான் பார்மா நகரக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது. பாரிசில் 1832இல் அவரைக் கேட்ட இருபது வயது ஃபிரான்ஸ் லிஸ்ட், வயலினில் அவர் செய்ததைப் பியானோவில் செய்தே தீர்வது என்று விரல்களை வருத்தத் தொடங்கினார் என்பது அடுத்த அத்தியாயம்.

அங்கே சாத்தான். இங்கே? "தெய்வ கடாட்சம்", "பூர்வ ஜன்ம வாசனை" என்போம். இரண்டுமே உழைப்பைக் கண்ணிலிருந்து மறைக்கின்றன. ஆனால் தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்வதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் அசுர சாதகம். பயிற்சி அசுரனுடையது, பலன் மட்டும் தெய்வத்துடையது! 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் தம் சகாக்களோடு பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தபோது, மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியே பயிற்சி செய்திருந்தது தெரியவந்தது. பிற்பாடு அதையே ஒரு விதியாக்கி, பத்தாயிரம் மணி உழைத்தால் யாரும் மேதையாகலாம் என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். எரிக்சனே அதை ஏற்கவில்லை. பத்தாயிரம் மணி நேரமும் தவறாகவே வாசித்தவர்களை நம் ஊர் மிருதங்க ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மிருதங்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் இந்தக் கேள்வி கூர்மையாக விழுகிறது. பாட்டு முழுக்க ஒருவருக்குப் பக்கத்துணை, கடைசியில் சில நிமிடம் மட்டும் தனியரசு என்ற விசித்திரமான வேலை மிருதங்கக்காரருடையது.

பலா மரத்தைக் குடைந்த கட்டை. ஒரு பக்கம் வலந்தலை, மறுபக்கம் தொப்பி. வலந்தலையின் நடுவே கருவட்டம். அதைச் சாதம் என்றும் கரணை என்றும் சொல்வார்கள். கச்சேரிக்கு முன் தொப்பியின் நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுப்பார்கள். சாதாரணத் தோல் பறையை அடித்தால் அடிப்படை ஒலியோடு கூடவே எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும். அதனால்தான் பெரும்பாலான பறைகளில் ஓசை உண்டு, சுரம் தெளிவாக நிற்பதில்லை. மிருதங்கத்தின் கருவட்டம் அந்த மேலொலிகளை ஒழுங்குக்கு இழுத்து, தம்பூராவோடு சேரும் சுருதியைத் தருகிறது. இதை அளந்து சொன்னவர் சி.வி. ராமன். நோபல் பரிசுக்குப் பத்தாண்டு முன்பு, 1920இல், 'நேச்சர்' இதழில் சிவகாலி குமாருடன் சேர்ந்து எழுதினார். 1934இல் விரிவாக இன்னொரு கட்டுரையும் வந்தது. எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் ஒரு கருவட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து இந்த இடத்துக்குக் கொண்டுவந்த கைவினைஞர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை. மிருதங்கம் செய்பவரின் காதும் ஒரு வித்வத்துதான். மேடையில் அவருக்கு நாற்காலி கிடையாது.

முதல் பாடம் 'த தி தொம் நம்'. நான் பள்ளி நாட்களில் இரண்டு ஆண்டு கற்றுக்கொண்டவன். முதல் மாதம் முழுக்க இந்த நான்கு சொற்களைத் தவிர வேறொன்றும் கைக்கு வரவில்லை. 'நம்' என்பது மோதிர விரல் கருவட்டத்தின் விளிம்பைத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் ஓரத்தைத் தட்டி மீட்டுவது. மோதிர விரல் ஒரு நெல் அளவு அழுத்திவிட்டால் நாதம் செத்துவிடும். இரண்டாம் ஆண்டில் எனக்கு வேகம் வந்தது. பெருமையோடு நான்காவது காலத்தில், அதாவது மிக வேகமாக, ஓட்டிக் காட்டினேன். ஆசிரியர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கை ஓடுகிறது, காதை எங்கே விட்டாய்?" என்றார். என் வேகத்தில் 'நம்' எல்லாம் 'த' ஆகிவிட்டிருந்தது. சொற்கட்டு ஓடியது, சொல் சுத்தம் போய்விட்டது. வேகத்தை மட்டும் தனியே அளக்க முடியாது என்று அன்று விளங்கியது. நான்காவது காலத்திலும் ஒவ்வொரு சொல்லுக்கும் அதனதன் நாதம், வல்லினம் மெல்லினம் நிற்க வேண்டும். அது நின்றால் வேகம் இருப்பதே கேட்பவருக்குச் சட்டென்று தெரியாது.

அடுத்தது கணக்கு. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32. 'ததிங்கிணதொம்' என்ற சொற்கட்டு ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை வாசித்துச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூவைந்து பதினைந்து. 32இல் 15 போனால் 17 மீதம். பதினாறு மாத்திரையில் லகு, அதாவது தாளத்தின் முதல் நான்கு எண்ணிக்கை, முடிந்துவிடும். ஐந்தாவது தட்டு விழுந்து, அதிலிருந்து கால் எண்ணிக்கை தள்ளித் தொடங்கினால்தான் மூன்றாவது 'தொம்' முடியும் இடமும் தாளம் முடியும் இடமும் ஒன்றாகும். கேட்பவருக்கு என்ன நேர்கிறது? நான்கு நான்காகப் போகும் தாளத்தின்மேல் ஐந்து ஐந்தாக ஒன்று ஏறி, தாளம் நழுவுகிறதோ என்ற சின்னப் பதற்றம் உண்டாகும். கடைசி நொடியில் இரண்டும் முட்டிக்கொள்ளாமல் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் தாளம் போடுகிறவர்கள் "ஆஹா" என்பார்கள். நான் சொன்னது அரிச்சுவடி. பெரிய வித்வான்கள் இதே விளையாட்டைத் திஸ்ரம் (மூன்று), கண்டம் (ஐந்து), மிஸ்ரம் (ஏழு), சங்கீர்ணம் (ஒன்பது) என்று நடை மாற்றி, முன்பின் குறைத்து, கூட்டி, பல ஆவர்த்தனங்களுக்கு நீளும் கோர்வைகளாகக் கட்டுவார்கள். காகிதம் பென்சில் கிடையாது. கட்டும்போதே வாசிப்பும் நடக்க வேண்டும்.

இந்தக் கணக்குப் பித்துக்குத் தென்னாட்டில் தனி வரலாறு உள்ளது. சிம்மநந்தன தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு 128 அட்சரம், அதாவது எண்ணிக்கை. ஒரு சுற்றுப் போட்டு முடிப்பதற்குள் தாளம் போடுகிறவருக்கே தொடக்கம் மறந்துவிடும். மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) அதில் கானடா ராகத்தில் 'கௌரி நாயகா' என்ற தில்லானாவையே செய்துவைத்தார். பொப்பிலி கேசவய்யா சிம்மநந்தனத்தில் பாடித் தஞ்சாவூரை மிரட்ட, சியாமா சாஸ்திரி அதற்குப் பதிலாகச் சரபநந்தன தாளத்தை எடுத்துவிட்டார் என்ற கதையைச் சங்கீதக் குடும்பங்களில் குழந்தைகளுக்குச் சொல்வார்கள். சிங்கத்தை அடக்கும் சரபம். நடந்ததோ இல்லையோ, திறமை என்றாலே போட்டி, சவால், ஒருவர் தலைகுனிவது என்று நினைத்த காலத்தின் கதை அது.

புதுக்கோட்டையில் மாமூண்டியா பிள்ளை ஒரு பரம்பரையையே உருவாக்கினார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெயர் பெற்றார். காஞ்சிபுரத்தில் பாடகர் நாயினாப் பிள்ளையின் (1889–1934) கச்சேரிகளுக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்றே பெயர். வயலினோடு மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், சொற்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோல் என்று லயவாத்தியக் கூட்டமே சுற்றி உட்காரும். அத்தனை பேரும் சேர்ந்து பாடகரை விழ வைக்கப் பார்ப்பார்கள், அவர் விழமாட்டார். திருப்புகழின் சந்தங்களை அவர் எடுத்தாண்டதும் இந்த லயப் பிடிப்பினால்தான். அருணகிரிநாதரைத் தாளத்தில் நிறுத்துவது விளையாட்டுக் காரியம் இல்லை.

அந்தக் காஞ்சிபுரத்தில் நாயினாப் பிள்ளையைக் கேட்டு வளர்ந்த சிறுமி ஒருத்தி. ஓர் அடியைத் தாளக் கணக்கில் விரித்துப் பாடும் பல்லவி ஆண்களின் சொத்து, பெண்களுக்குத் துக்கடாவும் கீர்த்தனையும் போதும் என்றிருந்த சபா மேடையில் டி.கே. பட்டம்மாள் (1919–2009) ராகம் தானம் பல்லவியைப் பாடி நிலைநாட்டினார். 'பல்லவி பட்டம்மாள்' என்ற பெயர் அதனால் வந்தது. சபாக்களுக்கு முன்பே தேவதாசிக் குடும்பத்துப் பெண்களிடம் இந்த வித்வத் இருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்; பெண்ணால் முடியாது என்ற பேச்சு, அவர்களை மேடையிலிருந்து ஒதுக்கிய பிறகு செழித்த பேச்சு. கழைக்கூத்துச் சிறுமியைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். கோவில் புறப்பாட்டில் விடிய விடிய நின்றுகொண்டு தோளில் தவிலைச் சுமந்து வாசித்தவரின் கணக்கு, சபா மேடையில் சம்மணமிட்டு வாசித்தவரின் கணக்குக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. இணுவிலில் பிறந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) தவிலில் செய்ததை, மிருதங்க வித்வான்களே வந்து உட்கார்ந்து கேட்டார்கள். விருதுப் பட்டியல்கள் மட்டும் நீண்ட காலம் வேறு கணக்குப் போட்டன.

சரி, இத்தனை கணக்கும் வேகமும் இருந்தால் அது வித்வத்தா? இந்தக் கேள்விக்கு நானறிந்த மிகச் சுருக்கமான பதில் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அரங்கேற்று காதையில் மாதவி மேடையேறும் முன் இளங்கோவடிகள் அவளைச் சுற்றியுள்ள கலைஞர் ஒவ்வொருவரின் தகுதியையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஆடலாசான், இசையாசான், பாடல் எழுதும் புலவன், குழலோன், யாழாசிரியன். ஆளெடுப்பு விளம்பரம் போல அத்தனை துல்லியம். மாதவிக்கே ஏழாண்டுப் பயிற்சி, பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம். அந்த வரிசையில் தண்ணுமை முழக்குபவனின் தகுதியாக வருவது இது: "ஆக்கலும் அடக்கலும் மீத்திறம் படாமைச் சித்திரக் கரணம் சிதைவின்றிச் செலுத்தும்" ஆள் வேண்டும்.

யாழும் குழலும் மிடறும் குறையும் இடத்தில் இவன் நிரப்ப வேண்டும், அது ஆக்கல். மிகும் இடத்தில் தணிக்க வேண்டும், அது அடக்கல். இரண்டிலும் அளவு மீறக் கூடாது. அதற்குப் பிறகுதான் "சித்திரக் கரணம்", அதாவது கையின் அழகு வேலைப்பாடு. அதுவும் சிதையாமல் நடக்க வேண்டும். கைத்திறமையை இளங்கோ குறைத்துப் பேசவில்லை. கூரிய நகமுள்ள விரல்களின் தொழிலைத் தனியே குறிப்பிடுகிறார். ஆனால் அதற்கு முன் வரும் அடிகளில் ஆடல், பாடல், இசை, தமிழ், பண், பாணி எல்லாம் பழுதற அறிந்திருக்க வேண்டும் என்று கட்டளை போட்டுவிடுகிறார். மத்தளம் அடிப்பவனுக்குத் தமிழ் எதற்கு? பாடுபவர் எந்தச் சொல்லில் நிற்கப் போகிறார், எந்தச் சொல்லை நீட்டப் போகிறார் என்று தெரியாதவன் எங்கே அடக்குவான்?

எனக்குத் தெரிந்து வித்வத் என்பதன் உள்ளே இருக்கும் சரக்கு இதுதான். கையில் தேவைக்கு மேல் இருக்க வேண்டும். மேலே இருப்பது எப்போதும் வெளியே வழிந்துகொண்டிருக்கக் கூடாது. பத்து ரூபாய் வைத்திருப்பவன் பத்தையும் செலவழித்துவிட்டுச் சிக்கனம் பேச முடியாது. அடக்குவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டுமே.

பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) பெயர் இந்த இடத்தில் வராமல் போகாது. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடர். 1966இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கிடைத்தபோது, மிருதங்கக் கலைஞர் ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதல் முறை. பக்கவாத்தியக்காரர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பக்கத்தில்தான் என்று வைத்திருந்த மரபுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. அவருடைய பழைய பதிவுகளைக் கேட்கிறவர்கள் தனி ஆவர்த்தனத்துக்கு ஓட்டிப் போய்விடாமல் கீர்த்தனையில் நிற்க வேண்டும் என்பேன். பாட்டின் ஒவ்வொரு சங்கதிக்கும் மிருதங்கம் உருவம் மாறும். பாடகர் சொல்லைப் பிரிக்கும் இடத்தில் இவர் பிரிப்பார். அனுபல்லவி மேலே ஏறும்போது தொப்பியில் எழும் கனத்த ஒலியான கும்கி கீழிருந்து ஒரு பெருமூச்சு போல எழும். சில இடங்களில் ஒன்றுமே வாசிக்காமல் விட்டுவிடுவார். அந்த வெற்றிடத்தில் பாடகரின் குரல் திடீரென்று விளக்கு வைத்தது போலத் தெரியும். வாசிக்காமல் விடுவதற்கு எந்த விரலும் தேவையில்லை என்று நினைக்கலாம். எந்த இடத்தில் விட்டால் தாளம் கீழே விழாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒலிபெருக்கி வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் அவர் பிடிவாதம் பிடித்ததும் இதோடு சேர்ந்தது. மைக் வந்த பிறகு மெல்லினச் சொல்லுக்கும் வல்லினச் சொல்லுக்கும் உள்ள தூரம் குறைந்துவிடுகிறது. எல்லாமே சத்தமாகிவிட்டால் அடக்கல் எங்கே? அவரிடம் எல்லாமே உயர்வாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று வெகுகாலம் ஒதுங்கியிருந்தவர் அவர். பிற்காலத்தில்தான் பட்டம்மாளுக்கு வாசித்தார். மேதைமைக்கும் மனவிசாலத்துக்கும் ஒரே சாவி கிடையாது.

அவருக்குச் சமகாலத்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (மறைவு 1962), புதுக்கோட்டை வழி. இடக்கைக்காரர். மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டு வாசிப்பவருக்கு மேடையில் உட்காரும் இடமே தகராறு. வயலின்காரரும் இடம் மாற வேண்டும். அந்தச் சங்கடத்தையெல்லாம் தாண்டி அவரை மேடைக்குக் கொண்டுவந்ததில் செம்பை வைத்தியநாத பாகவதருக்குப் பங்கு உண்டு. பழனியின் தனிச்சிறப்பு நாதம். வலந்தலையில் ஒரு மீட்டு விழுந்தால் அது தேய்ந்து முடியும் வரை அடுத்ததை அவசரப்படுத்தமாட்டார். கணக்கில் புலி, ஆனால் கணக்கு இருப்பது காதுக்கு உறுத்தாது. மணி ஐயர் பெரியவரா பழனி பெரியவரா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. நான் அதில் இறங்கப்போவதில்லை. இறங்கினால் பழனி பக்கம் சாய்வேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, வேகம் கீழானது, நிதானம் மேலானது என்று யாராவது முடிவு கட்டினால் அதையும் மறுக்க வேண்டியிருக்கிறது. "வெறும் வித்தை, பாவம் இல்லை" என்ற விமர்சனம் நம்மிடையே ரொம்ப மலிவு. கடினமானதைக் கேட்க முயலாதவர்களுக்கு அது நல்ல ஒதுங்கிடம். வித்தை, பாவம் என்று இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இருப்பதுபோல் பேசுகிறோம். மெதுவாகப் பாடுவதற்கு வித்தை வேண்டாமா என்ன?

வீணை தனம்மாளின் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியவர்கள் மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள் என்பது பலரும் எழுதிவைத்த செய்தி. அந்த வீணையின் நாதம் அவ்வளவு மெல்லியது. அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் க்ஷேத்ரக்ஞரின் பதங்களைச் சவுக்க காலத்தில், அதாவது மிக மெதுவாக, பாடிய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்கும் சுரம் இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். வேகத்தில் அந்த அசைவு மின்னி மறைந்துவிடும், கொஞ்சம் பிசகினாலும் தெரியாது. சவுக்கத்தில் அது முழுசாக வெளியே வந்து நிற்கும். ஒவ்வொரு அசைவும் எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் போய் எப்படித் திரும்புகிறது என்பதைக் கேட்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார். மிருதங்கக்காரர்களைத் தனியே கேட்டால் சொல்வார்கள்: துரித காலத்தில் ஓடுவதைவிட, எண்ணிக்கை இரட்டிப்பாக நீளும் இரண்டு களைச் சவுக்கத்தில் காலப்பிரமாணம் அசையாமல் பிடிப்பதுதான் கையை நடுங்க வைக்கும். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி (1918–1984) அபிநயத்தில் செய்ததும் இதே வகைதான். ஒரே அடியை மறுபடி மறுபடி பாட, புருவத்திலும் விரல் நுனியிலும் ஒவ்வொரு முறையும் வேறு அர்த்தம் வரும். அவருடைய தம்பி ரங்கநாதன் பழனியின் சீடர். அமெரிக்காவில் மிருதங்கம் கற்பித்தவர். ஒரே வீட்டுக்குள் எத்தனை விதமான வித்தை!

வேகத்துக்கும் வருவோம். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் (1910–1965) பிர்காக்கள், அதாவது வேகமான சுர அடுக்குகள், மின்னல் போல இறங்கும். ஒவ்வொரு சுரமும் தனித்தனி மணியாகக் கேட்கும். அந்த மூர்ச்சனைகளின் ஊற்று நாகஸ்வரம், அதிலும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). நாகஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள், சாவிகள் கிடையாது. அரைச்சுரமும் கால்சுரமும் விரலை எவ்வளவு மூடுகிறோம், சீவாளியை உதடு எப்படிக் கவ்வுகிறது, மூச்சு எவ்வளவு அழுத்துகிறது என்பதில்தான் பிறக்கும். குட்டையான திமிரி நாகஸ்வரத்தின் உச்சஸ்தாயியை விட்டு நீளமான பாரி நாகஸ்வரத்துக்கு அவர் மாறியதற்குக் காரணம் சத்தத்தைக் குறைப்பது மட்டுமல்ல. அவர் தேடிய தோடிக்குத் திமிரியில் இடம் போதவில்லை. இருக்கும் கருவியில் முடியாததைச் செய்ய விரும்பியதால் கருவியே மாறியது. பின்னாளில் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மாண்டலினில் செய்ததும் அதுதான். தட்டுகள் பதித்த, நாதம் சட்டென்று அடங்கிவிடும் மேல்நாட்டு வாத்தியம். கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வராது என்றார்கள். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தியோடு மின்சார மாண்டலினாக மாற்றி, தந்தியை இழுத்து இழுத்து வரவழைத்தான் அந்தப் பையன். அவனுடைய வேகத்தைக் கண்டு வாய்பிளந்தவர்கள் அதிகம். எனக்கு அவனிடம் வியப்பு, வராத கமகத்தை வரவழைத்த அந்த இடது கை.

இப்போதெல்லாம் கைப்பேசியில் அரை நிமிடக் காணொளிகள் குவிகின்றன. பத்து வயதுச் சிறுவன் சங்கீர்ண நடையில் கோர்வை வைக்கிறான், லட்சம் பேர் பார்க்கிறார்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் நான் 'நம்'மோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கைக்கு வந்திருப்பது உண்மையான வித்தைதான். ஆனால் அரை நிமிடத்துக்குள் ஆக்கல் மட்டுமே காட்ட முடியும். அடக்கலைக் காட்டுவதற்கு ஒரு முழுக் கீர்த்தனையும், அதைப் பாட இன்னொரு மனிதரும் வேண்டும். அவனுடைய ஆசிரியர் அந்த மற்றப் பாதியையும் கற்பித்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

கடைசியாக, கேன்டீனுக்குப் போகிறவர்கள் தவறவிடும் ஒரு சின்ன விஷயம். எல்லாப் பாட்டும் சமத்தில் தொடங்குவதில்லை. சில அரை எண்ணிக்கை தள்ளி அரை இடத்தில் எடுக்கும், சில முக்கால் இடத்தில். தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வை முடிய வேண்டியது தாளத்தின் தலைமாட்டில் இல்லை, பாட்டு எடுக்கும் அந்த இடத்தில். முன்னே சொன்ன மூவைந்து பதினைந்தை அரை இடத்துக்கு வைக்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு மாத்திரை தள்ளித் தொடங்க வேண்டும். ஆக, கால் மணி நேரத்துக்கும் மேலாகத் தன் ராஜ்யத்தில் இருந்தவர், தன்னுடைய மிகப் பெரிய கணக்கைப் பாடகர் வாய் திறக்கும் இடம் பார்த்துக் கட்டுகிறார். மூன்றாவது 'தொம்' விழும் அடுத்த நொடியில் பாடகர் பல்லவியை எடுக்கிறார், வயலின் சேர்கிறது, மிருதங்கம் பழையபடி பக்கத்துணையாகிவிடுகிறது. கைதட்டல் ஓய்வதற்குள் அந்தப் பாட்டு முடிந்துவிடும். காபி குடித்தவர்கள் இருட்டில் தங்கள் இருக்கையைத் தேடிக்கொண்டிருக்கும்போது ராகமாலிகையில் விருத்தம் தொடங்கியிருக்கும்.